பெரியம்மா வீட்டுத் தூளிகள்

உறையூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் பெரியம்மாவைத் தெய்வம் என்பார்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். அவள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எனக்கே பல்லெல்லாம் கொட்டிவிட்டது, ஆனாலும் அந்தப் பேச்சை எடுத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. போன வாரம் கோயிலில் பழைய தெருக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பெரியம்மா மாதிரி குழந்தை வளர்க்க இனிமேல் ஒருத்தி பிறந்து வரணும் என்றாள். கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். திமிர் பிடித்த கிழவி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அம்மா காலராவில் போனபோது நான் நடை பழகிக்கொண்டிருந்தேனாம். அதிலிருந்து என்னை வளர்த்தவள் அவள்தான். நல்ல உயரம், அகலமான தோள், ஆண்பிள்ளை நடை. பெரியப்பா ரங்கூனுக்குக் கப்பல் ஏறினவர் திரும்பி வரவில்லை. இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாததால் தாலி கழுத்திலேயே கிடந்தது, பூ மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். சொந்தமாகக் குழந்தை கிடையாது. அதற்காக அவள் மூக்கைச் சிந்தி நான் பார்த்ததில்லை. தெருவில் உள்ள குழந்தை எல்லாம் தன்னுடையது என்றே இருந்தாள்.

அவளுக்கு ஒன்றே ஒன்று ஆகாது. குழந்தை அழுகிற சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், நாலு வீடு தள்ளி ஒரு குழந்தை வீறிட்டால் எச்சில் கையோடு எழுந்து போய்விடுவாள். ஒரு தடவை ஸ்ரீரங்கத்தில் சேவித்துவிட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். யாரோ ஒரு பெண், முன்பின் தெரியாதவள், மடியில் குழந்தை கத்துகிறது. பெரியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய் அந்தக் குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வண்டி காவேரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அன்றைக்கு அவள் கையில் ஒன்றும் கிடையாது, வெறும் கைதான். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் பொய் சொன்னவளாவேன்.

இன்னொரு தடவை பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைப் பிரம்பால் அடித்துவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா நேரே போய், பிள்ளைகள் எல்லாம் பார்க்க, அந்தப் பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்து அவர் மேஜைமேல் வைத்தாள். "குழந்தைய அழ வச்சுட்டு உங்களுக்கு சோறு எறங்குதாங்க?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மனுஷர் அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு அவள்மேல் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் அவள் நாசம் பண்ணினாள்.

எங்கள் தெருப் பெண்களுக்கு அப்போது பிழைப்பு சுருட்டுக் கொட்டகையில். ஆண்கள் சுருட்டுச் சுற்றுவார்கள், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புகையிலையின் நடு நரம்பை உருவிப் போடுவார்கள். விடிந்து போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வரலாம். கைக்குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. புகையிலைக் காரம் பிஞ்சு மூச்சுக்கு ஆகாது என்று மேஸ்திரி சொல்லுவார். என்ன கரிசனம் பாருங்கள்! குழந்தை இருந்தால் அவள் எழுந்து பால் கொடுக்கப் போவாள், கை நிற்கும், அதுதான் சங்கதி. ஆகவே குழந்தைகள் எல்லாம் பெரியம்மா வீட்டில். பழைய புடவையைக் கிழித்து உத்தரத்தில் கட்டிய தூளிகள், ஏழோ எட்டோ, வரிசையாகத் தொங்கும். எல்லாக் குழந்தையும் தூங்கும். காலையில் தூங்கும், மத்தியானம் தூங்கும், அம்மா வந்து எடுக்கும்போதும் தூங்கும். தெருவில் காய்கறி விற்கிறவன்கூட அந்த வீட்டைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொள்வான்.

கைராசி என்றார்கள். பூர்வ ஜன்மத்துப் புண்ணியம் என்றார்கள். பெரியம்மா காலையில் கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு உரைமருந்து உரைப்பாள். மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு. எல்லா வீட்டிலும் உரைப்பதுதான். இழைத்ததைத் தாய்ப்பாலில் குழைத்துச் சங்கில் புகட்டுவார்கள். பெரியம்மா மட்டும் கடைசியில் ஒரு சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, அதிலிருந்து கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒன்றைச் சுண்டுவிரல் நகத்தால் கிள்ளி அதில் கலப்பாள். சின்ன வயதில் அது என்ன என்று கேட்டிருக்கிறேன். மருந்துக்குப் பேர் சொன்னால் பலிக்காது என்று சொல்லிவிட்டாள். வசம்பையே பேர் சொல்லிக் கூப்பிடாமல் பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லுகிற ஊர். அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்.

அந்த நாளில் ஒரு தடவை சர்க்காரிலிருந்து ஒரு மனுஷர் வந்தார். தலைப்பாகை, குடை, பின்னால் ஒரு சேவகன். தெருவில் அபின் தின்கிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கிறாராம். வேடிக்கையைக் கேளுங்கள், கடைவீதியில் அபின் கடைக்கு லைசென்ஸ் கொடுத்து ஏலம் விடுகிறதும் சர்க்கார், எத்தனை பேர் தின்கிறான் என்று கேட்டு வருகிறதும் சர்க்கார். தெருக்காரர்கள் யோசித்து ஒரு கிழட்டுத் தச்சரையும், பட்டாளத்தில் கால் போன ஒருவரையும் சொன்னார்கள். பெரியம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலுக்கு வந்து, எங்க தெரு நல்ல தெருங்க, அந்தப் பழக்கமெல்லாம் இங்க கிடையாதுங்க என்றாள். நான் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நிற்கிறேன். அவள் பொய் சொன்னாள் என்று சொல்லமாட்டேன். அபின் தின்கிறவன் என்றால் மீசை வைத்தவன், தள்ளாடித் தெருவில் விழுகிறவன். தூளியில் கிடப்பது மருந்து குடிக்கிறது. அவளுக்கு அது வேறு, இது வேறு. அந்த மனுஷரும் இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டு திருப்தியாகப் போய்விட்டார்.

இப்போது என் பேரன் பேப்பர் படித்துச் சொல்கிறான். ஹெராயினாம், வெள்ளைப் பொடியாம், காலேஜ் பையன்கள் ஊசி குத்திக்கொண்டு செத்துக் கிடக்கிறார்களாம், இத்தனை பேர் அத்தனை பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்களாம். அதுவும் அபின் எடுக்கிற அதே கசகசாச் செடியின் பாலிலிருந்துதான் காய்ச்சுவதாம். எண்ணட்டும், நன்றாக எண்ணட்டும். எங்கள் தெருத் தூளிகளை யாரடா எண்ணினீர்கள் என்று கேட்டேன். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவன் எழுந்து போய்விட்டான்.

நான் பொன்மலையில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரருக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. மாமனார் அந்தக் காலத்தில் தண்டவாளம் போடுகிற கூட்டத்தில் இருந்தவர், முழங்கால் வலிக்கென்று அபின் பழகி, வலி போன பிறகும் அபின் போகவில்லை. உருண்டை கிடைத்த நாளில் தங்கமான மனுஷர். கிடைக்காத நாளில் பார்க்க வேண்டும். முதலில் கொட்டாவி வரும், ஒன்றன்மேல் ஒன்றாக, தாடை கழன்றுவிடும் போல. அப்புறம் தும்மல், மூக்கில் தண்ணீர், கை நடுக்கம். கோழித்தோல் மாதிரி மேலெல்லாம் புல்லரித்து நிற்கும். வயிறு கட்டுக்கு நிற்காது. அவருக்குக் கழுவிக் கொட்டி எனக்கு அது மனப்பாடம். அவர் போன மறுவருஷம் எனக்குப் பையன் பிறந்தான். அவன் குப்புற விழுவதற்குள் ஸ்ட்ரைக்கில் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. அவர் மதுரைப் பக்கம் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினார். நான் பையனைத் தூக்கிக்கொண்டு உறையூருக்கு வந்து, பெரியம்மா வீட்டுக்கு எதிர் வரிசையில் ஓர் அறையை வைத்துக்கொண்டு, சுருட்டுக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன்.

பையனை வேறு யாரிடம் விடுவேன்? என்னை வளர்த்த கை. முதல் இரண்டு நாள் அழுதான் என்றாள். அப்புறம் சமத்தாகிவிட்டான். சாயங்காலம் நான் எடுத்துவந்தால் சிறிது நேரத்தில் சிணுங்க ஆரம்பிப்பான், மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்புவான். கொட்டகை லீவு நாளில் நாள் பூரா அழுகை, மறுநாள் காலையில் அவள் கையில் கொடுத்தால் அடங்கிவிடுவான். பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்கும் ஒரு பெண் குழந்தை, அதுவும் இப்படியே. இரண்டு பேரும் புகையிலை நரம்பை உருவிக்கொண்டே, பெத்தவகிட்ட அழுவுது, அவங்ககிட்ட சிரிக்குது, நமக்கு வளக்கத் தெரியலையே என்று எங்களையே கரித்துக்கொட்டிக்கொள்வோம். குழந்தை எங்களிடம் இருக்கும்போது மருந்தின் மயக்கம் இறங்கிற்று, அவளிடம் போனதும் ஏறிற்று. அதனால் அவள் தெய்வம், நாங்கள் துப்புக்கெட்டவர்கள். என்ன அநியாயம் இது!

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. பெரியம்மா முதல் நாள் சாயங்காலமே ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டாள், சொர்க்கவாசல் திறக்கும்போது கூட்டத்தில் முன்னால் நிற்க வேண்டும் அவளுக்கு. தெற்குச் சித்திரை வீதிப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி இரண்டு மூன்று நாள் சேவித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஏகாதசியன்று கொட்டகை லீவு. அன்று மத்தியானத்திலிருந்து எங்கள் தெரு இருந்த இருப்பை என்னவென்று சொல்வேன். ஒரு வீடு விடாமல் குழந்தைகள் கத்தின. பால் குடிக்காது, தூங்காது, கையில் நிற்காது. பிள்ளைகள் பெரியம்மாவைக் காணாமல் ஏங்கிவிட்டன என்று பெண்கள் சொன்னார்கள். சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அவ்வளவு பாசமாம்.

நான் பையனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். அவன் அழுகையை நிறுத்திக் கொட்டாவி விட்டான். இன்னொன்று விட்டான். தும்மினான். மறுபடியும் கொட்டாவி. மூக்கில் தண்ணீர் வழிந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், அந்தப் பிஞ்சு வயிற்றில் மயிர்க்காலெல்லாம் புல்லரித்து நின்றது. என் மாமனார் என் மடியில் கிடந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சுண்ணாம்பு டப்பியில் இருந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பையனைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். திடீரென்று நின்றுபோனதைக் குழந்தை தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், படுக்கை இல்லை. ஒரு மருந்து கொடுத்து, பாலும் காய்ச்சின தண்ணீரும் விடாமல் புகட்டு, வலிப்பு வந்தால் எடுத்துக்கொண்டு ஓடி வா என்றார். பிழைத்தால் இந்த வாரத்தோடு தெரிந்துவிடும் என்றும் சொன்னார்.

மறுநாள் கொட்டகை திறந்தது. ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. கத்துகிற குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போவாள்? மேஸ்திரி வந்து தெருவில் நின்று பார்த்தார். பெண்களைத் திட்டினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா, சொந்தச் செலவில் ஒரு குதிரை வண்டியை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பி என் பெரியம்மாவை அழைத்துவரச் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு பிரசவத்துக்குக்கூட அந்த ஆள் வண்டி அனுப்பியது கிடையாது.

சாயங்காலம் வண்டி வந்தது. பெரியம்மா நெற்றியில் திருமண்ணோடு இறங்கினாள். இறங்கினதும் வீட்டுக்குள்கூடப் போகாமல், கல்லை வாசலிலேயே போட்டு உரைத்து, சங்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அவள் போகப் போகத் தெரு அடங்கிக்கொண்டே வந்தது. செல்லம்மா வீடும் அடங்கிற்று. கடைசியில் என் கதவு. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

"கதவத் திறடி. பிள்ள கத்தறது காதுல விழலயா உனக்கு?"

"அதுக்கு என்ன குடுக்கறீங்க பெரியம்மா?"

"மருந்துதான்."

"அபினா?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா. அதுக்கென்ன? உனக்கும் குடுத்துத்தான் வளத்தேன். நீ செத்தா போயிட்ட?"

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுத முடியாது. பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "பாலுக்கு அழுதா அம்மாக்காரிய அந்த மேஸ்திரி எழுந்திரிக்க விடுவானாடி? நாள் பூரா தொண்ட வத்தக் கத்தட்டும்ங்கறியா? தூங்கிட்டுப் போவட்டுமே." அவள் சொன்னதில் அந்த ஒன்று நிஜம். என் கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான். அவளை அப்படிப் பேச வைத்தவன் சுருட்டுப் பிடித்துக்கொண்டு சுகமாக இருந்தான், நாங்கள் இரண்டு பொம்பளைகள் ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்டோம்.

விடிந்ததும் செல்லம்மாவின் அலறல் கேட்டது. குழந்தை எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. கூடினவர்கள் மாந்தம் என்றார்கள். அந்தக் காலத்தில் குழந்தை எதில் போனாலும் மாந்தம்தான். பெரியம்மா மண்ணில் புரண்டு அழுதாள், நடிப்பு இல்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, மாந்தம் இல்லை, அபின் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

எல்லாரும் என்னை முறைத்தார்கள். செல்லம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு நாளாக் கத்துச்சுக்கா. பாக்க முடியல. வீட்டுக்காரரு அபின் டப்பாலேருந்து நானும் நேத்து கொஞ்சம் குடுத்தேன். அப்புறம் அவங்க வந்து குடுத்தாங்க. தூங்கிடுச்சு, சரின்னு இருந்தேன்."

பெரியம்மா அழுகையை நிறுத்தினாள். அவள் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவக் கொறச்சிருப்பேனே என்றாள். அளவு! அவளுக்குத் தெரிந்த தப்பு அவ்வளவுதான். அன்று மத்தியானம் குழந்தையைப் புதைத்தார்கள். மறுநாள் காலையில் மற்றத் தூளிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. தாய்மார்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நீ வந்து பாத்துக்கறியா எங்க பிள்ளைய என்று ஒருத்தி கேட்டே விட்டாள். கொட்டகையில் ஒரு இலைகூடக் கெடவில்லை.

நான் கதவைச் சாத்திக்கொண்டு பையனோடு உள்ளே கிடந்தேன். அவன் அழுகை மனிதக் குழந்தையின் அழுகையாக இல்லை. சன்னமாக, கம்பியைத் தேய்ப்பது போல, நிற்காமல் வந்தது. குடித்ததையெல்லாம் கக்கினான். கையும் காலும் வெடவெடத்தன. ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் விட்டேன், வலிப்பு வருமோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துவிடுவான் என்று தோன்றும்போதெல்லாம் எதிர் வீட்டுச் சங்கு நினைவுக்கு வரும். ஒரு விரல் தொட்டு வைத்தால் அந்த நிமிஷமே அடங்கிவிடுவான். அதை நினைக்கவைத்ததற்காகவும் அவளைச் சபித்தேன்.

பெரியம்மா என்னை விடவில்லை. தாய்மார்கள் வந்து குழந்தைகளை எடுத்துப் போனதும் என் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வாள். கொலைகாரி என்பாள், கொஞ்சூண்டு குடுடி என்று கெஞ்சுவாள், கதவைத் தட்டுவாள், காதைப் பொத்திக்கொண்டு விசும்புவது எனக்கே கேட்கும். போகும்போது கஞ்சியைப் படியில் வைத்துவிட்டுப் போவாள். எடுத்துக் குடித்தேன். வெட்கமில்லை, எனக்குப் பால் ஊற வேண்டுமே.

நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் பையன் அசந்து தூங்கிவிட்டு விழித்தான். விழித்ததும் அழுதான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் தோளில் போட்டு நடக்க ஆரம்பித்தேன். வெளியே பெரியம்மா இருந்தாள். அன்றைக்கு அவள் கெஞ்சவில்லை, தட்டவில்லை. அவன் அழுகிற குரலுக்கு மட்டும் காது கொடுத்தாள்.

"ஏய், இது அது இல்லடி. இது பசி. பால் குடு" என்றாள்.

மார்பில் வைத்தேன். இத்தனை நாளும் முகத்தைத் திருப்பினவன் வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வலிக்கும்படி உறிஞ்சிக் குடித்தான். சுவரில் சாய்ந்தபடி அழுதேன். பிழைத்துவிட்டான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மூடின கதவுக்கு அந்தப் பக்கம், முகம்கூடப் பார்க்காமல், குரலை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எது பசி, எது வயிற்றுவலி, எது ஈரம், எது அம்மாவுக்காக ஏங்குவது என்று அவளுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. அத்தனை வருஷமும் அத்தனை தூளியிலும் எந்தக் குழந்தை எதற்கு அழுதது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்தச் சங்கை வாயில் வைத்திருக்கிறாள்.

"குடிக்கறானா?" என்று வெளியிலிருந்து கேட்டாள். "கதவத் திறடி, தூரத்துலேருந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

நான் திறக்கவில்லை.